பத்தொன்பதாவது ஓவர் யாருக்கு?

2023 ஜூலை 10 இரவு. திருநெல்வேலிக்கு வடக்கே தாழையூத்து சங்கர் நகரில் உள்ள இந்தியா சிமெண்ட்ஸ் மைதானம். தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) இரண்டாவது தகுதிச் சுற்று ஆட்டம். முதலில் ஆடிய திண்டுக்கல் டிராகன்ஸ் 185 ரன் எடுத்திருந்தது. 18 ஓவர் முடிந்தபோது நெல்லை ராயல் கிங்ஸுக்கு 12 பந்தில் 37 ரன் வேண்டும். கேலரியில் பாதிப் பேர் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்கள். 19ஆவது ஓவரில் அஜிதேஷும் ரித்திக் ஈஸ்வரனும் சேர்ந்து 33 ரன் அடித்தார்கள். சாவிகள் மறுபடி சட்டைப் பைக்குள் போயின.

அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒருவர் மட்டும் மடியில் விரித்த ஸ்கோர் புக்கில் குனிந்திருந்தார். பந்துவீச்சுப் பகுதியில் அந்த ஓவருக்கான சின்னக் கட்டத்துக்குள் எண்கள் நெருக்கியடித்து நின்றன. பக்கத்தில் செல்போனோடு உட்கார்ந்திருந்த பையன் குனிந்து பார்த்தான்.

“அண்ணாச்சி, இவருக்கு எத்தன பாயிண்ட் கழியும்?”

“கூடிப்போனா ஆறு.”

“முப்பத்து மூணு ரன்னுக்கு ஆறுதானா?”

“அவங்க கணக்குல அதுக்கு மேல கழிக்க எடமில்லலே.”

செல்போனில் ஃபேன்டசி ஆட்டத்துக்காகப் பையன் போட்டிருந்த டீமில் அந்தப் பந்துவீச்சாளர் இருந்தார். ஆறுதானே என்று அவன் நிம்மதியானான். மைதானத்தில் ஒரு அணியின் பருவமே அந்த ஓவரோடு ஆட்டங்காணத் தொடங்கியிருக்க, செல்போனில் ஆறு புள்ளியோடு காரியம் முடிந்துவிட்டது. அண்ணாச்சிக்கு அது வேடிக்கையாகவும் கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. அதைவிடக் கோபம் அடுத்த ஓவரைப் பற்றி. கடைசி ஓவரில் நெல்லைக்கு 4 ரன் போதும். ஊதித் தள்ளிவிடுவார்கள் என்று எல்லோரும் எழுந்து நின்றுவிட்ட நேரத்தில், 20ஆவது ஓவரை வீச வந்தவர் ஆட்டத்தைக் கடைசிப் பந்து வரை இழுத்தார். ஸ்கோர் சமமாகி, கடைசிப் பந்தில் ஈஸ்வரன் சிக்ஸர் அடித்த பிறகுதான் 191 வந்தது. நாலு ரன்னைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து பந்தைத் தாக்குப்பிடித்த அந்த மனிதருக்குச் செல்போன் கணக்கில் ஒரு புள்ளியும் இல்லை. விக்கெட் விழவில்லையே!

அந்தப் பகுதியில் அவரை ‘ஸ்கோர் அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பாளையங்கோட்டையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுவார். சின்ன வயதில், பிசான அறுவடை முடிந்து தாள் நிற்கும் வயலில் ஸ்டம்பர் பந்தை வைத்து ஆடிய காலத்திலேயே பந்து போடுவதைவிடக் கணக்கு வைப்பதில்தான் அவருக்கு ருசி. ஆறு பந்தும் ரன் இல்லாமல் போனால் கட்டத்துக்குள் இருக்கும் ஆறு புள்ளிகளையும் கோட்டால் சேர்த்து எம் போடுவார்கள். அதில் விக்கெட்டும் விழுந்தால் அதே கோடுகள் டபிள்யூ ஆகும். அந்த எம் போடும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பந்து போட்டவருக்குக்கூட அவ்வளவு பெருமை இருக்காது.

அவருடைய தனிப் பழக்கம் ஒன்று உண்டு. முதல் 16 ஓவரை நீல மையில் எழுதுவார். 17ஆவது ஓவர் தொடங்கியதும் பேனாவை மாற்றிச் சிவப்பு. ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் சிவப்பில் இருப்பதை மட்டும் ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயர்த்து எழுதுவார்: யார் போட்டது, எத்தனையாவது ஓவர், அப்போது எதிரணிக்கு எவ்வளவு தேவை, எத்தனை யார்க்கர் விழுந்தது, எத்தனை ஃபுல் டாஸ் ஆனது. யாரும் கேட்கவில்லை, யாருக்கும் காட்டவுமில்லை. இந்த நோட்டுக்கு ஒரு நாள் கிராக்கி வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

கிராக்கி வந்தது ஃபேன்டசி கிரிக்கெட்டோடு. ஹர்ஷ் ஜெயினும் பவித் ஷேத்தும் 2008இல் தொடங்கிய ட்ரீம்11, 2020 ஐபிஎல்லுக்கே தலைப்பு ஸ்பான்சராக 222 கோடி ரூபாய் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. வண்ணார்பேட்டையிலும் சந்திப்பிலும் டீக்கடை பெஞ்சுகளில் ஏழு மணிக்கு ஒரு தனி அமைதி இறங்கும். டாஸ் போட்டு, ஆடும் பதினொரு பேர் பட்டியல் வெளியான பிறகு கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் டீம் போட வேண்டும். இரண்டு அணியிலிருந்தும் சேர்த்து 11 பேர். 100 கிரெடிட்டுக்குள் அடங்க வேண்டும். ஒருவரைக் கேப்டன் ஆக்கினால் அவர் புள்ளி இரட்டிப்பாகும். வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. தொடக்க ஆட்டக்காரர்களை எல்லோரும் ஒரே மாதிரிதான் எடுப்பார்கள். ஜெயிக்கிறவனையும் தோற்கிறவனையும் பிரிப்பது பெரும்பாலும் கடைசியாகச் சேர்க்கும் இரண்டு பந்துவீச்சாளர்கள். அப்போதுதான் எவனாவது ஒருவனுக்குச் சிவப்பு மை நோட்டு ஞாபகம் வரும்.

“அண்ணாச்சி, டெத் ஓவர் யாரு போடுவாம்?”

கேள்வி சரியானது என்பதால் அவர் பதில் சொன்னார். நல்ல பவுலர் யார் என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

புள்ளிக் கணக்கை ஒரு தடவை காகிதத்தில் போட்டுக் காட்டினார். சில ஆண்டுகள் வழக்கில் இருந்த கணக்கு இது: ஒரு விக்கெட்டுக்கு 25. போல்டு அல்லது எல்பிடபிள்யூ என்றால் மேற்கொண்டு 8. மூன்று விக்கெட் எடுத்தால் 4 கொசுறு. ஓவருக்கு 6 முதல் 7 ரன் கொடுத்தால் 2 கூடும். 10 முதல் 11 கொடுத்தால் 2 கழியும். 12க்கு மேல் போனால் 6 கழியும். இப்போது ஒருவர் 4 ஓவரில் 40 ரன் கொடுத்து மூன்று விக்கெட் எடுக்கிறார், அதில் ஒன்று போல்டு. அவருக்கு 85 புள்ளி. இன்னொருவர் 4 ஓவரில் 24 ரன்தான் கொடுக்கிறார், விக்கெட் இல்லை. அவருக்கு 2 புள்ளி. அணிக்கு 16 ரன் மிச்சம் பிடித்துக் கொடுத்தவருக்கு இரண்டு!

“அநியாயமா இருக்கே அண்ணாச்சி” என்றான் ஒருவன்.

“அநியாயம்தான். ஆனா நீ டீம் போடுதது நியாயம் கேக்கவா?”

கடைசி நாலு ஓவரில் விக்கெட் ஏன் மலிந்து கிடக்கிறது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பந்து தீர்ந்துகொண்டே வருகிறது. விக்கெட் கையில் இருந்து பயனில்லை. மட்டைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு சுழற்றுகிறார். நல்ல பந்துக்கும் விழும், மோசமான பந்துக்கும் விழும். ஏழாவது ஓவரில் எல்லைக்கோட்டில் பிடிபடும் துணிச்சல் யாருக்கும் இருக்காது. பத்தொன்பதாவது ஓவரில் அதுதான் வேலையே. அதனால் அந்த ஓவர்களைப் போடும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது என்பதே முதல் கேள்வி. அவர் எப்படிப் போடுவார் என்பது இரண்டாவதுதான். வாய்ப்பைக் கொடுப்பவர் அணித்தலைவர். ஆகவே பந்துவீச்சாளரைப் படிப்பதைவிட அணித்தலைவரைப் படி என்பார் அண்ணாச்சி. டுவைன் பிராவோவைத் தோனி கடைசிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தது சென்னை ரசிகர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். 2013 ஐபிஎல்லில் பிராவோ எடுத்த 32 விக்கெட்டில் அவருடைய மெதுபந்துக்கு எவ்வளவு பங்கோ, அந்த ஒதுக்கலுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இதே கணக்கைத் துளி பிசகாமல் இன்னொரு நாட்டுக்காரன் இன்னொரு ஆட்டத்தில் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று அவருக்குச் சொன்னது, விடுமுறைக்கு வந்த அக்கா மகன். நியூ ஜெர்சியில் வேலை. அலுவலகத்தில் ஃபேன்டசி பேஸ்பால் ஆடுகிறானாம். திண்ணையில் உட்கார்ந்து அவன் விளக்கியதை அண்ணாச்சி நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பந்துவீச்சாளர் களைத்துப்போனால் அவருக்குப் பதிலாக ஒருவர் வருவார். அப்படி வருகிறவர்களில் கடைசி இன்னிங்ஸுக்கென்றே ஒருவரை ஒதுக்கி வைப்பார்கள். மூன்று ரன்னோ அதற்குக் குறைவாகவோ முன்னிலை இருக்கும்போது அவர் இறங்கி, அந்த ஒரு இன்னிங்ஸை வீசி வெற்றியைக் காப்பாற்றிக் கொடுத்தால் அவர் பெயரில் ஒரு ‘சேவ்’ ஏறும். ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற சிகாகோ பத்திரிகையாளர் உருவாக்கிய கணக்கு அது; 1969இல் அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டார்கள். நியூயார்க் யாங்கீஸின் மரியானோ ரிவேரா 652 சேவ் எடுத்து 2013இல் ஓய்வுபெற்றார். அவர் கையில் இருந்தது பெரும்பாலும் ஒரே ஒரு வகைப் பந்து. வருகிறது என்று தெரிந்தும் மட்டைக்காரர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

“நம்ம நடராஜன் யார்க்கர் மாதிரி” என்றார் அண்ணாச்சி.

“அதேதான் மாமா. ஆனா சேவ் எடுக்க ஆள் கெட்டிக்காரனா இருந்தா மட்டும் போதாது. மேனேஜர் அவனத்தான் கடைசியில எறக்கணும். ஆட்டமும் நெருக்கமா இருக்கணும்.”

டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் நியூயார்க்கில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கூடிப் பேசி 1980இல் தங்கள் முதல் ஃபேன்டசி பருவத்தை ஆடினார்கள். எட்டு வகைக் கணக்கு வைத்துக்கொண்டார்கள். அதில் சேவும் ஒன்று. ஒரு இன்னிங்ஸுக்குப் பந்துவீச்சாளர் எத்தனை பேரைக் களத்தில் நிற்க விடுகிறார் என்று பார்க்கும் கணக்கு ஓக்ரென்ட்டே தன் ஆட்டத்துக்காகச் செய்துகொண்டது. பிற்பாடு நிஜ பேஸ்பாலே அதை எடுத்துக்கொண்டது. ஆடாதவன் போட்ட கணக்கை ஆடுகிறவன் வாங்கிக்கொண்ட கதை அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதை அவர் எத்தனை பேரிடம் சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை.

ஃபேன்டசி பேஸ்பால்காரர்களிடையே ஒரு பழைய பேச்சு உண்டாம்: சேவுக்குக் காசைக் கொட்டாதே. கடைசி இன்னிங்ஸ் வேலை இன்றைக்கு ஒருவர் கையில் இருக்கும், அடுத்த மாதம் இன்னொருவர் கைக்குப் போய்விடும். பெரிய விலை கொடுத்து வாங்குவதைவிட, இருப்பவருக்குக் காயம்பட்டால் அடுத்து யார் என்று தெரிந்து வைத்திருப்பவனே கெட்டிக்காரன்.

அண்ணாச்சிக்கு உடனே 2020 அக்டோபர் நினைவுக்கு வந்தது. ஐபிஎல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்துகொண்டிருந்தது. சன்ரைசர்ஸ் ஐதராபாத்தின் கடைசி ஓவர்களுக்குப் பழக்கப்பட்ட புவனேஷ்வர் குமார் காயத்தால் தொடரைவிட்டே வெளியேறினார். சேலம் சின்னப்பம்பட்டி த. நடராஜன் தோளில் அந்த வேலை மொத்தமாக விழுந்தது. 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்கு வாங்கியவர் அவர். அந்த ஆண்டு ஆறு ஆட்டத்தில் இரண்டு விக்கெட். அடுத்த ஆண்டு ஐதராபாத்துக்கு 40 லட்சத்துக்குப் போய், 2018இலும் 2019இலும் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் உட்கார்ந்திருந்தார். 2020இல் 16 ஆட்டம், 16 விக்கெட், ஓவருக்கு 8.02 ரன். நவம்பர் 6ஆம் தேதி வெளியேற்றச் சுற்றில் ஏபி டி வில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த யார்க்கரை இன்றும் சின்னப் பையன்கள் நடித்துக் காட்டுகிறார்கள். டிசம்பரில் இந்திய அணிக்கும், 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டுக்கும் போய்விட்டார். திறமை 2017இலும் இருந்தது, வேலை காலியாகவில்லை.

புவனேஷ்வர் விலகிய செய்தி வந்த அன்றைக்கே நோட்டில் நடராஜன் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்தது. கேட்ட பையன்கள் பயனடைந்தார்கள். ஒருவன் அண்ணாச்சிக்கு ஒரு கிலோ நேந்திரங்காய் வற்றல் வாங்கிக் கொடுத்தான்.

நடராஜனைப் பற்றி அண்ணாச்சி அடிக்கடி எடுத்துப் பேசிய ஆட்டம் ஐபிஎல் அல்ல. 2016, டிஎன்பிஎல்லின் முதல் ஆண்டு. திண்டுக்கல் டிராகன்ஸுக்கும் டூட்டி பேட்ரியாட்ஸுக்கும் நடந்த ஆட்டம் சமனாகி சூப்பர் ஓவருக்குப் போனது. நடராஜன் கையில் பந்து. எதிரே அபினவ் முகுந்த். ஆறு பந்தும் யார்க்கர். அந்த ஓவர்தான் நடராஜனை ஏலக்காரர்கள் கண்ணில் நிறுத்தியது என்று பலரும் எழுதிவிட்டார்கள். அண்ணாச்சி சொல்ல வருவது வேறு. ஃபேன்டசி விதிப்படி சூப்பர் ஓவரில் எடுக்கும் ரன்னுக்கும் விக்கெட்டுக்கும் புள்ளி கிடையாது! கடைசி ஓவர் பந்துவீச்சை எடைபோடுவதற்கென்றே ஒரு ஆட்டம். தமிழ்நாட்டில் வீசப்பட்டதிலேயே அதிகம் பேசப்பட்ட கடைசி ஓவர் அந்த ஃபேன்டசி ஆட்டத்தின் கண்ணுக்கே படாது. 2022 ஜூன் 23 அன்று சங்கர் நகரில் நெல்லைக்கும் சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸுக்கும் நடந்த தொடக்க ஆட்டமும் சமனாகி, சூப்பர் ஓவரில் நெல்லை ஜெயித்தது. மைதானம் ஆர்ப்பரித்தபோது பெஞ்சுக்காரர்கள் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டார்கள். அவர்களுடைய ஆட்டம் ஒரு ஓவர் முன்னாடியே முடிந்திருந்தது.

விக்கெட்டை வைத்து எடைபோட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஐபிஎல்லைவிட நல்ல உதாரணம் இல்லை. ஹர்ஷல் படேல் 14 ஆட்டத்தில் 24 விக்கெட் எடுத்து ஊதா தொப்பி வாங்கினார். ஓவருக்குக் கொடுத்தது 9.73 ரன். ஜஸ்ப்ரீத் பும்ரா 13 ஆட்டத்தில் 20 விக்கெட், ஓவருக்கு 6.48. நாலு ஓவருக்கு 13 ரன் வித்தியாசம். பும்ராவை அடிக்க வேண்டாம், கடத்திவிடுவோம் என்று மட்டைக்காரர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். இருந்தும் இத்தனை விக்கெட் எடுத்தார் என்றால் அது அவர் பந்தின் தரம். ஹர்ஷலை அடிக்கலாம் என்று போகிறார்கள், மெதுபந்தில் மாட்டுகிறார்கள். இரண்டாவதைத் தந்திரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பும்ரா நெருக்கியதால் மறுமுனையில் வேறொருவருக்கு விழும் விக்கெட் யார் கணக்கில் ஏற வேண்டும்? அண்ணாச்சியின் நோட்டில் இதற்கென்று ஓரத்தில் ஒரு குறி உண்டு: ஒருவருக்கு விக்கெட் விழுந்தால் அதற்கு முந்தைய ஓவரைப் போட்டவர் பெயருக்கு நேரே சின்னதாக ஒரு அம்பு. அந்த அம்புகள் அதிகம் உள்ளவர்களை எந்த ஏலத்திலும் சீந்துவதில்லை என்பது அவர் ஆதங்கம். இதில் அவர் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார் என்றே சொல்ல வேண்டும். பும்ராவைச் சீந்தாத அணி எது?

புதிய பெயர்களைக் கண்டுபிடிப்பதில்தான் சங்கர் நகர் கேலரி உதவியது. தொலைக்காட்சியில் பந்து மட்டும் தெரியும். நேரில் மற்றதெல்லாம் தெரியும். பதினைந்தாவது ஓவரில் எல்லைக்கோட்டருகே நிற்கும் ஒருவர் கையைச் சுழற்றிச் சூடேற்றத் தொடங்குவார். அணித்தலைவர் அவரைப் பார்த்து விரலால் ‘ஒன்று விட்டு ஒன்று’ என்று காட்டுவார். 17உம் 19உம் இவர், 18உம் 20உம் அவர் என்று அப்போதே தெரிந்துவிடும். ஆட்டத்துக்கு முன்பு பயிற்சி நடக்கும்போது, ஸ்டம்புக்கு முன்னால் ஒரு ஜோடி ஷூவை வைத்து அதன் மூக்கில் பந்தைப் போட்டுப் பழகுபவர்கள் உண்டு. அண்ணாச்சி அதைத்தான் முதலில் தேடுவார். ஷூ நகர்ந்தால் அந்தப் பெயர் நோட்டில் ஏறும்.

பிறகு காற்று. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேகாற்று நெல்லைச் சமவெளியை அடித்துப் புரட்டும். கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது சும்மா அல்ல. டிஎன்பிஎல் நடப்பதும் அதே பருவத்தில்தான். மேற்கே இருந்து வரும் அந்தக் காற்றோடு அடித்தால் மிஸ்ஹிட்டும் எல்லையைத் தாண்டும். எதிர்த்து அடித்தால் நன்றாகப் பட்ட பந்தும் கயிற்றுக்கு முன்னால் நின்றுபோகும். ஒரே பந்துவீச்சாளர், ஒரே பந்து. எந்தப் பக்கம் அடிக்கும்படி அவர் போடுகிறார் என்பதில் சிக்ஸரும் கேட்சும் பிரிகின்றன. வெளியூரிலிருந்து டீம் போடுபவனுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. தச்சநல்லூர்க்காரனுக்குத் தெரியும், துவைத்த வேட்டி எந்தப் பக்கம் பறந்தது என்று பார்த்தாலே போதும்.

2019இல் பெரியசாமியை அப்படித்தான் பிடித்தார். அவரும் சின்னப்பம்பட்டிக்காரர், நடராஜனின் அரவணைப்பில் வளர்ந்தவர், மலிங்காவைப் போல் கையைத் தாழ்த்திச் சுண்டி வீசுவார். சேப்பாக்கம் அணிக்காக அந்தப் பருவத்தில் 21 விக்கெட். ஆகஸ்ட் 15 இறுதிப் போட்டியில் 126 ரன்னை வைத்துக்கொண்டு சேப்பாக்கம் திண்டுக்கல்லை 12 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. பெரியசாமி 15 ரன்னுக்கு 5 விக்கெட். தொடரின் சிறந்த வீரரும் அவர்தான். இந்தமாதிரி கை கொண்டவர்களை முதல் முறை பார்க்கும் மட்டைக்காரருக்குப் பந்து எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. இரண்டாம் ஆண்டில் தெரிந்துவிடும். ஆகவே முதல் ஆண்டிலேயே எடுத்துக்கொள், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்பது அண்ணாச்சி தீர்ப்பு.

இத்தனையும் சரியாகப் பார்த்து வைத்தாலும் ஆட்டம் நெருக்கமாக இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. 33 ரன் ஓவரின் ஆரவாரம் அடங்கி இரண்டே நாளில், 2023 ஜூலை 12 அன்று அதே மைதானத்தில் இறுதிப் போட்டி. லைகா கோவை கிங்ஸ் 205 அடித்தது. சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன்னால் நெல்லை 101 ரன்னுக்குச் சுருண்டது. தோல்வி 104 ரன்னில். இருபது ஓவர் முடியும் முன்பே எல்லோரும் வெளியேறிவிட்டதால் கோவையின் கடைசி ஓவர்க்காரர்களுக்கு வேலையே வரவில்லை. டெத் பவுலரைக் கேப்டன் ஆக்கி வைத்திருந்தவர்கள் மதுரை ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது பேசியது எழுத்தில் போட முடியாதது. நியூ ஜெர்சி மருமகனுக்கு அண்ணாச்சி அன்றிரவு அனுப்பிய வாட்ஸ்அப் குறுஞ்செய்தி மட்டும் போடலாம்: “இன்னைக்கு சேவ் இல்ல.”

மைதானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சங்கரலிங்க ஐயர் பெயரால்தான் அது சங்கர் நகர். அவரும் டி.எஸ். நாராயணசாமியும் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸின் முதல் ஆலை 1949இல் இங்கேதான் ஓடத் தொடங்கியது. 2008இல் சென்னை சூப்பர் கிங்ஸை ஏலத்தில் எடுத்ததும் அதே நிறுவனம். 2024 டிசம்பரில் சிமெண்ட் தொழில் அல்ட்ராடெக் வசம் போய்விட்டது. பிராவோவின் கடைசி ஓவருக்கும் தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லுக்கும் இப்படி ஒரு உறவு இருந்ததை நினைத்துக்கொள்வதில் ஊர்க்காரர்களுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

பணம் வைத்து ஆடுவது பற்றி அண்ணாச்சி கறாராக இருந்தார். தான் ஒரு ரூபாயும் கட்ட மாட்டார். இது திறமையா, சூதா என்ற வழக்குக்குத் தமிழ்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996இல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தமிழ்நாட்டு விவகாரம்தான். ஃபேன்டசிக்காரர்கள் பின்னால் அந்த நிழலில்தான் ஒதுங்கினார்கள். 2023 ஏப்ரலில் மாநில அரசின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அண்ணாச்சிக்குச் சட்டம் தெரியாது. ஆனால் வட்டிக் கணக்குத் தெரியும். பெஞ்சில் ஒருவன் சம்பளத்தை ஒரு செயலியில் விட்டுவிட்டு மனைவியின் சங்கிலியை அடகு வைத்தபோது, அவனுக்கு மட்டும் நோட்டைக் காட்டுவதை நிறுத்தினார். யார் எந்த ஓவர் போடுவார் என்று சொல்வது கெட்டிக்காரத்தனம்தான். பல லட்சம் பேர் நடுவில் முதலிடம் வருவேன் என்று நினைப்பதற்கு வேறு பெயர் உண்டு என்றார் அவனிடம்.

2025 ஆகஸ்ட் 22 அன்று இணைய விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. பணம் கட்டி ஆடும் போட்டிகள் நாடு முழுக்க நின்றன. இந்திய அணியின் சட்டையில் இருந்த ட்ரீம்11 பெயரும் போனது. டீக்கடையில் ஏழு மணி அமைதி கலைந்து மறுபடி அரசியல் பேச ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் அதுவும் சலித்துப்போய், நாமே ஒன்று நடத்தினால் என்ன என்று ஒருவன் கிளப்பிவிட்டான். காசு இல்லை. தோற்கிறவன் அன்றைக்கு எல்லோருக்கும் டீயும் ஆமவடையும் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

விதிகளை அண்ணாச்சி எழுதினார். சிவப்பு மையில். விக்கெட்டுக்கு 25 என்பதை 15 ஆகக் குறைத்தார். 17 முதல் 20 வரையிலான ஓவர்களில் ரன் இல்லாத ஒவ்வொரு பந்துக்கும் 3 புள்ளி. ஓவருக்கு 6 ரன்னுக்குள் அடக்கினால் 12. அம்புக் குறிக்கும் 5 உண்டு. ஒரே ஓவரில் 25க்கு மேல் கொடுத்தால் அந்த ஆட்டத்தில் அதுவரை சேர்த்தது எல்லாம் பூஜ்யம். சூப்பர் ஓவருக்கு இரட்டிப்பு. பையன்கள் தலையைச் சொறிந்தார்கள். கணக்குப் போட வாத்தியார் வேண்டுமே என்றான் ஒருவன். அதற்குத்தான் நான் இருக்கேன்லா என்றார்.

முதல் வாரமே தகராறு. கடைசிப் பந்தில் இரண்டாவது ரன்னுக்கு ஓடி ஒருவர் ரன் அவுட். ஸ்கோர் புக் வழக்கப்படி அந்த விக்கெட் பந்துவீச்சாளருக்குப் போகாது. ஆனால் அது காலடியில் விழுந்த யார்க்கர். வேறு எந்தப் பந்தாக இருந்தாலும் எல்லைக்குப் போயிருக்கும். தட்டிவிட்டு ஓடுவதைத் தவிர மட்டைக்காரருக்கு வழியே இல்லை. ஆகவே பந்துவீச்சாளருக்குப் பாதியாவது கொடுக்க வேண்டும் என்று ஒரு கட்சி. எறிந்தவன் கைக்குத்தான் எல்லாம் என்று எதிர்க்கட்சி. அண்ணாச்சி தீர்ப்பு சொல்வார் என்று எல்லோரும் பார்க்க, அவர் எறிந்தவனுக்கு எட்டு, போட்டவனுக்கு ஏழு என்று எழுதினார். “ஏழா, ஏழரையா? பாதின்னா ஏழரைல்லா அண்ணாச்சி?” என்று கேட்டவனுக்கு அந்த அரைப் புள்ளியில்தான் அன்றைய டீக்காசு இருந்தது. விவகாரம் அடுத்த ஆட்டத்தின் டாஸ் வரை ஓடியது.